எலும்பு தெரியக் கட்டிய ஆலயம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் காலேஜ் அவென்யூவில் இருக்கும் ஒரு அரங்குக்குப் பிள்ளைகளின் நாடகம் பார்க்கப் போயிருந்தோம். முன்பு அது தேவாலயமாக இருந்ததாம். உள்ளே சுவருக்குப் பூச்சே இல்லை. சட்டங்களும் அவற்றுக்குப் பின்னால் அடித்த பலகையும் அப்படியே தெரிகின்றன. கட்டும்போது காசு தீர்ந்து பாதியில் விட்டுவிட்டார்களா?
(வாசகர், ஃப்ரீமாண்ட்)

பதில்: காசு குறைவு என்பது சரி. பாதியில் விட்டது என்பதுதான் தவறு. நீங்கள் பார்த்தது பழைய செயின்ட் ஜான்ஸ் பிரெஸ்பிட்டேரியன் ஆலயம். கட்டடக் கலைஞர் ஜூலியா மார்கன். 1906 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏராளமானோர் வளைகுடாவைக் கடந்து பெர்க்லியில் குடியேறினார்கள். 1900இல் 13,214 ஆக இருந்த ஊரின் மக்கள்தொகை 1910இல் 40,434. புதிதாக எழுந்த தெருக்களுக்குப் புதிய சபைகள் வேண்டியிருந்தன. புதுச் சபையின் கையில் பெரிய தொகை ஏது? அதனால் 1908இல் முதல் பகுதியும் 1910இல் வழிபாட்டுக் கூடமுமாக இரண்டு தவணையில் கட்டினார்கள்.

மரவீடு கட்டும் வழக்கமான முறையில் இரண்டுக்கு நாலு அங்குலக் குத்துச்சட்டங்களை வரிசையாக நிறுத்தி, வெளிப்பக்கம் பலகை அடிப்பார்கள். உள்பக்கம் மெல்லிய ரீப்பர் அடித்து அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு பூசுவார்கள். மார்கன் அந்த உள்பக்கத்தையே விட்டுவிட்டார். ரீப்பர் செலவு, பூச்சுக் கூலி, காயும் வரை காத்திருக்கும் நாட்கள் எல்லாம் மிச்சம். ஆனால் மறைக்கப் பூச்சு இல்லாததால், சட்டம் ஒவ்வொன்றும் நேராக, ஒரே இடைவெளியில், கணு குறைந்த மரத்தில் இருந்தாக வேண்டும். ஜன்னல் எந்தச் சட்டத்தில் தொடங்கி எந்தச் சட்டத்தில் முடிகிறது என்பதையும் தாளிலேயே தீர்க்க வேண்டும். பூச்சில் மிச்சம் பிடித்த பணத்தின் ஒரு பகுதியாவது தச்சரின் கவனத்துக்குத்தான் போயிருக்கும். அடுத்த முறை போகும்போது ஜன்னலின் ஓரச் சட்டத்தைக் கண்ணால் பிடித்து மேலே கூரை வரை கொண்டுபோய்ப் பாருங்கள். சுவரின் சட்டக் கணக்கும் கூரையின் கணக்கும் ஒன்றையொன்று கேட்டு நிற்பது புரியும். அந்தக் கூடத்துக்கு நகை அதுதான்.

இவ்வளவு துணிவாகக் கட்டியவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1894இல் பெர்க்லியில் சிவில் பொறியியல் பட்டம் பெற்றவர். பாரிஸின் எக்கோல் தே போசார் கலைப்பள்ளியில் கட்டடக் கலைப் பிரிவில் இடம்பெற்ற முதல் பெண். 1904இல் கலிஃபோர்னியாவில் கட்டடக் கலைஞர் உரிமம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. அதே ஆண்டு ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில் அவர் எழுப்பிய கான்கிரீட் மணிக்கூண்டு 1906 நிலநடுக்கத்தில் அசையாமல் நின்றது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அவருக்குத் தங்கப்பதக்கம் வழங்கியது 2014இல்; அவர் இறந்து 57 ஆண்டுகள் ஆகியிருந்தன. சபை 1970களில் புதிய கட்டடத்துக்கு மாறியது. பழைய கூடம் 1974இல் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் ஏறியது, பிறகு கலையரங்கானது.

கேள்வி: இதைக் 'கிராஃப்ட்ஸ்மேன்' பாணி என்கிறார்கள். எதை வைத்து அடையாளம் காண்பது?
(வாசகர், கோவை)

பதில்: பெயர் வந்தது ஒரு பத்திரிகையிலிருந்து. மேசை நாற்காலி செய்த கஸ்டவ் ஸ்டிக்லி 1901இல் தொடங்கி 1916 வரை நடத்திய 'தி கிராஃப்ட்ஸ்மேன்' வீட்டு வரைபடங்களை வெளியிட்டுப் பரப்பியது. கருத்து அதற்கும் பழையது: இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸும் கூட்டாளிகளும் இயந்திரச் சரக்குக்கு எதிராகக் கைவேலையை உயர்த்திப் பிடித்ததன் வழி வந்தது.

பார்க்க வேண்டியவை: தாழ்ந்த சரிவுள்ள கூரை, சுவரைத் தாண்டி நன்றாக நீளும் இறவாரம், அந்த இறவாரத்தின் அடியில் மூடாமல் விட்ட கைமர நுனிகள், சாயம் அப்பாத மரம், பொருத்து தெரியச் செய்த இணைப்புகள். இவற்றில் முக்கியம் கடைசியில் சொன்னது. எதை எது தாங்குகிறது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். கைமர நுனி போலத் தெரிவது சுவரில் ஒட்டவைத்த வெற்றுத் துண்டாக இருந்தால் அது வேஷம். பிற்காலத்து அச்சு வார்ப்பு வீடுகளில் அப்படி நிறைய உண்டு.

தேவாலயங்களில் இந்த மனப்போக்கு அந்தப் பத்திரிகைக்கு முன்பே வந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் லயன் தெருவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கும் இடத்தில் 1895இல் எழுந்த ஸ்வீடன்போர்கியன் ஆலயம் அதற்குச் சாட்சி. போதகர் ஜோசப் வொர்செஸ்டர் கட்டடக் கலையில் தேர்ந்தவர். கட்டடக் கலைஞர் ஏ. பேஜ் பிரவுன் அலுவலகத்தில் அதற்கு வரைபடம் போட்டவர்களில் இளம் பெர்னார்டு மேபெக்கும் ஒருவர். அங்கே கூரையைத் தாங்குவது பட்டை உரிக்காத மட்ரோன் மரங்கள். காட்டில் வளைந்து நின்றபடியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூடத்தின் பின்புறம் ஒரு கணப்பு அடுப்பு. நீள இருக்கைகளுக்குப் பதிலாக ஆணி இல்லாமல் மேப்பிள் மரத்தில் செய்த நாற்காலிகள், அவற்றின் இருக்கையில் பின்னியிருப்பது கோரை. நம் ஊர்ப் பாய்க் கோரைக்கு உறவான, கலிஃபோர்னியச் சதுப்பில் விளையும் கோரைதான் அது. தெருவிலிருந்து நேராக உள்ளே நுழைய முடியாது, தோட்டத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். அந்தச் சில அடிகள் நடக்கும்போதே சத்தம் அடங்கிவிடும்.

இந்தப் பாணியின் சிறு வீட்டுக்கு அமெரிக்கர் வைத்த பெயர் 'பங்களோ'. வங்கத்து வீட்டைக் குறித்த அதே 'பங்களா'தான், கப்பலேறிப் போயிருக்கிறது.

கேள்வி: தேவாலயம் என்றால் உயர்ந்த கோபுரம் வேண்டாமா?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: செயின்ட் ஜான்ஸ் நிற்பது வீடுகளுக்கு நடுவே. மார்கன் பெரிய கூரை ஒன்றைத் தூக்காமல், அளவு மாறி மாறி அடுக்கிய தாழ்ந்த முக்கோண முகப்புகளாகப் பிரித்தார். தெருவில் நின்று பார்த்தால் பக்கத்து வீட்டுக்கு அண்ணன்போல இருக்கும், அதிகாரிபோல இருக்காது. உயரம் உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது: நடுக்கூடத்தின் கூரை பக்கக் கூரைகளைவிட மேலே எழும்பி, அந்த இடைவெளியில் ஜன்னல் வரிசை வெளிச்சத்தை இறக்குகிறது.

கேள்வி: தாழ்ந்த சரிவுக் கூரை சுவரை வெளியே தள்ளும் என்று படித்திருக்கிறேன். எவ்வளவு தள்ளும்? பழைய கூடத்தில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?
(பொறியியல் மாணவர், திருச்சி)

பதில்: இரண்டு கைமரங்கள் முகட்டில் சாய்ந்து நிற்கும்போது அடியில் உண்டாகும் கிடைத்தள்ளலுக்குச் சுலபக் கணக்கு உண்டு. மொத்தக் கூரைப் பாரத்தை அகலத்தால் பெருக்கி, முகட்டு உயரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். அகலம் 30 அடி, முகட்டு உயரம் 10 அடி என்றால் ஒவ்வொரு பக்கமும் பாரத்தில் 0.375 பங்கு தள்ளுகிறது. முகட்டை 5 அடியாகத் தாழ்த்தினால் 0.75 பங்கு. உயரம் பாதியானால் தள்ளல் இரட்டிப்பு. கூரையைத் தாழ்த்தும் பாணி இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். அதனால்தான் குறுக்கே விட்டம் அல்லது இரும்புக் கம்பி போட்டு இரு பக்கத்தையும் கட்டி, முழு ட்ரஸ்ஸாக, அதாவது முக்கோணச் சட்டகமாக ஆக்குகிறார்கள். கூடத்தின் உயரம் கெடுகிறதே என்று யாரோ பிற்காலத்தில் விட்டத்தை அறுத்தெடுத்த கட்டடங்களில்தான் சுவர் பிதுங்கியிருக்கும்.

சோதிக்க நூலும் தூக்குக்குண்டும் போதும். சுவரின் மேல்விளிம்பில் இரு மூலைக்கும் இடையே, சுவரிலிருந்து ஒரே அளவு தள்ளி, நூலை விறைப்பாகக் கட்டுங்கள். ஒவ்வொரு நாலு அடிக்கும் நூலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைக் குறியுங்கள். மூலைகளில் சரியாக இருந்து நடுவில் மட்டும் வெளியே போயிருந்தால் அது கூரைத் தள்ளல். முழுச் சுவரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அஸ்திவாரத்தைப் பாருங்கள். பிறகு ட்ரஸ் மூட்டுகள். விட்டமும் கைமரமும் சேரும் இடத்தில் புதிதாகத் தெரியும் வெளிர் நிற மரக்கோடு, மூட்டு சமீபத்தில் விலகியதைச் சொல்லும். கோடு பழுப்பேறித் தூசி படிந்திருந்தால் அது கட்டிய சில ஆண்டுகளில் மரம் காய்ந்து சுருங்கியபோதே நடந்தது. இரண்டு பருவம் அளந்து, மாறவில்லை என்றால் பதற வேண்டாம். அறுத்த விட்டத்துக்குப் பதிலாகக் கம்பி போடும்போது ஒரே நாளில் முறுக்கி இழுக்கக் கூடாது. கூரைக்கு முட்டுக் கொடுத்துப் பாரத்தைக் குறைத்துவிட்டு, நாளுக்குக் கால் திருகு, அரைத் திருகு என்று வாரக்கணக்கில் இழுப்பார்கள். அவசரப்பட்டால் கைமரத்தின் குதி (அடிமுனை) பிளந்துவிடும்.

கேள்வி: பூச்சே இல்லாத மரச் சுவர் நிலநடுக்கத்துக்குத் தாங்குமா? ஹேவர்டு பிளவு பக்கத்தில்தானே?
(வாசகர், சன்னிவேல்)

பதில்: மிகவும் பக்கம். அந்தப் பிளவு பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கின் அடியிலேயே ஓடுகிறது. உங்கள் சந்தேகத்தில் நியாயமும் உண்டு. சாதாரண வீட்டில் உள்பூச்சு அழகுக்கு மட்டும் இல்லை, சட்டகம் சாய்ந்துவிடாமல் பிடிப்பதில் அதற்கும் கணிசமான பங்குண்டு. பூச்சை விட்ட கட்டடத்தில் முழுப் பொறுப்பும் வெளிப்பலகைக்கு வருகிறது. பலகை கிடைமட்டமாக அடித்திருந்தால் ஒவ்வொன்றும் ஆணியில் திருகிக்கொண்டு சாயும். 45 பாகையில் குறுக்காக அடித்திருந்தால் பல மடங்கு விறைப்பு.

பலப்படுத்தும்போது பலரும் செய்யும் தவறு, உள்பக்கம் ஒட்டுப்பலகை அடித்துச் சட்டங்களை மூடிவிடுவது. அப்படிச் செய்தால் கட்டடம் நிற்கும், ஆலயம் போய்விடும். சரியான வழி செலவு கூடியது. வெளியுறையை எண் போட்டுக் கழற்றி, பழைய பலகையின் மேல் வெளிப்புறமாக ஒட்டுப்பலகை அடித்து, உறையைத் திரும்பப் பொருத்த வேண்டும். சுவர் அரை அங்குலம் தடிக்கும். ஜன்னல் விளிம்புகளில் அந்த அரை அங்குலத்தைச் சமாளிக்காமல் விட்டால் மழைத்தண்ணீர் அங்கேதான் நுழையும்.

அதைவிட முதலில் கவனிக்க வேண்டியது தரைக்குக் கீழே. அக்காலத்து மரக் கட்டடங்களில் அஸ்திவாரத்துக்கும் தரைக்கும் நடுவே இரண்டு மூன்று அடி உயரக் குட்டைச் சட்டச் சுவர் இருக்கும். ஆபத்து அங்கே. மேற்கட்டடம் அப்படியே இருக்க, குட்டைச் சுவர் மடிந்து முழுவதும் பக்கவாட்டில் விழும். இதற்கு வழக்கமான வேலை இது. அடிக்கட்டையை, அதாவது குட்டைச் சுவரின் அடியில் கிடக்கும் மரத்தை, 1/2 அல்லது 5/8 அங்குல போல்ட்டால் கான்கிரீட்டோடு பிணைக்க வேண்டும். போல்ட்டின் மேல் மூன்றுக்கு மூன்று அங்குலச் சதுர வாஷர் வேண்டும், சிறு வட்ட வாஷர் அடிக்கட்டையைப் பிளக்க விட்டுவிடும். பிறகு குட்டைச் சுவரின் உள்முகத்தில் 15/32 அங்குல ஒட்டுப்பலகையை விளிம்பில் 4 அங்குலத்துக்கு ஒரு ஆணி, நடுவில் 12 அங்குலத்துக்கு ஒன்று என்று அடிக்க வேண்டும். ஆணித்தலை பலகைக்குள் புதைந்தால் அந்த ஆணி கணக்கில் சேராது. காற்றழுத்த ஆணித் துப்பாக்கியை அதிக அழுத்தத்தில் வைப்பதால் வரும் கோளாறு. ஒவ்வொரு சட்ட இடைவெளிக்கும் மேலும் கீழும் காற்றுத் துளை விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தங்கி உளுக்கும். ஆலயம் வீட்டைவிட அகலமும் உயரமும் கூடியது என்பதால் இந்த அளவுகளை அப்படியே எடுக்காமல் பொறியாளர் கணக்குப்படி போங்கள். பழைய அஸ்திவாரம் திருப்புளியால் சுரண்டினால் உதிர்கிறது என்றால் போல்ட்டுக்கு முன்னால் அஸ்திவாரம்.

கேள்வி: எங்கள் சிறிய ஆலயமும் 1910ஐ ஒட்டிக் கட்டியது. உள்ளே ரெட்வுட் பலகை. இரும்புக் கம்பளியால் தேய்த்துச் சுத்தம் செய்தோம். சில வாரத்தில் எங்கும் கரும்புள்ளி. என்ன செய்வது? மேலே வார்னிஷ் அடிக்கலாமா?
(ஆலயப் பராமரிப்புக் குழுவினர், ஓக்லாந்து)

பதில்: இப்போது எதையும் அடிக்காதீர்கள். ரெட்வுட்டின் வைரப் பகுதியில் (முதிர்ந்த நடுமரத்தில்) டானின் என்ற துவர்ப்புச் சத்து மிகுதி. கரையானும் பூஞ்சையும் அதை எளிதில் தொடாததற்கு அந்தச் சாறுகளும் காரணம். கம்பளியிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகளும் காற்றின் ஈரமும் அந்த டானினோடு சேர்ந்தால் கறுப்பு. கடுக்காய்ச் சாற்றில் இரும்பைப் போட்டு நம் முன்னோர் மையும் சாயமும் செய்த அதே வினை உங்கள் சுவரில் நடந்திருக்கிறது. சாதாரண இரும்பு ஆணியைச் சுற்றிக் கண்ணீர்போல் வழியும் கறையும் இதுவே. ஆகவே இந்த மரத்தில் துருப்பிடிக்காத எஃகு ஆணி, அல்லது சூட்டுத் துத்தநாகத்தில் தோய்த்த ஆணி. தேய்க்க வெண்கலக் கம்பளி, அல்லது நைலான் திண்டு.

கறையை எடுக்க ஆக்ஸாலிக் அமிலம். ஒரு லிட்டர் வெந்நீரில் சுமார் 120 கிராம், பிளாஸ்டிக் வாளியில். முதலில் காந்தத்தாலும் வெற்றிடத் துப்புரவுக் கருவியாலும் மிச்சத் துகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கறை திரும்ப வரும். புள்ளிக்கு மட்டும் தொடாமல் ஒரு முழுப் பலகைக்கு, நுனி முதல் நுனி வரை தடவுங்கள். பத்து இருபது நிமிடத்தில் கறுப்பு கரையும். நல்ல தண்ணீரில் மூன்று முறை துடைத்தெடுங்கள். அந்த அமிலம் விஷம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காய்ந்து படிந்த பொடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மூச்சில் போகும், ஆகவே கழுவாமல் விடாதீர்கள். பழைய மெருகு இருக்கும் இடத்தில் அமிலம் மரத்துக்கு இறங்காது, மெருகும் வெளுக்கும். எனவே மறைவான ஒரு மூலையில் சோதித்த பிறகே இறங்குங்கள்.

அந்த மெருகு என்ன என்று அறிவதும் எளிது. ஒரு துளி ஸ்பிரிட் வையுங்கள். அரை நிமிடத்தில் பிசுபிசுத்தால் ஷெல்லாக், அதாவது நம் காடுகளிலிருந்து போன அரக்கு. ஸ்பிரிட்டுக்கு மசியாமல் மினரல் டர்பன்டைனில் மங்கினால் மெழுகு. இரண்டுக்கும் மசியவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷாக இருக்கலாம். அரக்காக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: புது அரக்கு பழைய அரக்கைக் கரைத்து ஒன்றாகிவிடும், சுரண்ட வேண்டியதே இல்லை. பாலியூரித்தேன் மட்டும் வேண்டாம். கண்ணாடிபோல் மினுங்கும், பிறகு உரியும், உரிந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது. 1978க்கு முந்திய வண்ணப்பூச்சு எங்காவது இருந்தால் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் தேய்க்கவே கூடாது.

கேள்வி: மேபெக் கட்டிய ஆலயமும் பெர்க்லியில் உண்டாமே? இரண்டில் எதை முதலில் பார்க்கலாம்?
(வாசகர், சென்னை)

பதில்: முடிந்தால் ஒரே நாளில் இரண்டும். டுவைட் வேயில் உள்ள ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட், சயன்டிஸ்ட் ஆலயமும் 1910ஐச் சேர்ந்ததே. 1977இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. மேபெக்கிடம் வடிவ வரைகணிதம் (முப்பரிமாண உருவங்களைத் தாளில் வரையும் கணிதம்) படித்தவர் மார்கன். ஆசிரியர் அங்கே தொழிற்சாலை எஃகு ஜன்னலையும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகட்டையும் எடுத்து, கோதிக் வேலைப்பாடும் ஜப்பானியக் கூரையும் கலந்து பெரு விருந்து வைத்தார். மாணவி வெறும் சட்டத்தை வைத்தே கூடத்தை முடித்தார். மார்கனுடையதை முதலில் பாருங்கள். கண் பழகியபின் மேபெக்கின் சிக்கல் தெளிவாகும். இருவரும் இறந்தது ஒரே ஆண்டில், 1957.

கேள்வி: வெளியே நீளும் கைமர நுனிகள் உளுத்துவிட்டன. தச்சர் எல்லாவற்றையும் சுவரோடு அறுத்துவிட்டுப் பலகை போட்டு மூடலாம் என்கிறார்.
(அதே குழுவினர், ஓக்லாந்து)

பதில்: மூடினால் உளுப்பு உள்ளே நடக்கும், உங்களுக்குத் தெரியாது. நுனி முதலில் உளுப்பதற்குக் காரணம், வெட்டுமுகம் வழியாக மரம் உறிஞ்சுகுழல்போலத் தண்ணீர் குடிக்கும். ஆகவே முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மழைநீர்க் கால்வாய் அடைத்துப் பின்பக்கமாக வழியும், அல்லது கூரையின் கடைசி வரிசை விளிம்பைத் தாண்டி ஒரு அங்குலமாவது நீளாமல் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது மரம் வைத்தால் அதுவும் உளுக்கும்.

கூர்மையான ஊசியால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்குள் கெட்டியானால் சுரண்டி, உளுப்பைத் தடுக்கும் போரேட் உப்பு ஊட்டிக் காயவைத்து விட்டுவிடலாம். அதற்கு மேல் இறங்கினால் மாற்றுத் துண்டு. வீடுகளில் பழைய கைமரத்தின் பக்கத்தில் புதிய சட்டத்தை இணைத்து, நீளும் பகுதியைப்போல ஒன்றரை இரண்டு மடங்கு உள்ளே கொண்டுபோவார்கள். உங்கள் ஆலயத்தில் கைமரம் உள்ளிருந்தும் தெரிவதால் அது ஒட்டுப்போட்டதுபோல் இருக்கும். சுவருக்கு வெளியிலேயே சாய்வு வெட்டு போட்டு, கைமரத்தின் கனத்தைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரித்து, எபாக்சியில் ஒட்டுங்கள். நீளம் அந்த அளவுக்கு இடம் தராவிட்டால் உள்ளே துருப்பிடிக்காத கம்பி பதிக்கலாம். ஒட்டும் இரண்டு மரமும் நூற்றுக்கு 15க்குக் கீழே ஈரம் உள்ளதாக இருக்க வேண்டும். புது ரெட்வுட்டில் வெளிறு (வெளிப்புற இளமரம்) அதிகம், அது சீக்கிரம் போய்விடும். பழைய கட்டடம் இடித்த இடத்தில் கிடைக்கும், வளைய நெருக்கமுள்ள வைர மரமாகத் தேடி வாங்குங்கள். வெட்டுமுகத்தைச் செங்குத்தாக விட்டு, மேல்முகத்தில் மெல்லிய செப்புத் தகடு போர்த்துங்கள். தகட்டை விளிம்பில் கால் அங்குலம் கீழே மடித்துவிட்டால் சொட்டு அங்கேயே விழுந்துவிடும், மரத்தின் அடிக்குச் சுற்றி வராது.